சிலாவத்துறையில் வாங்கிய டர்போ

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கட்டுக்கரைப் பக்கம் வந்துகொண்டிருந்தபோது எங்கள் கார் ஊளையிடத் தொடங்கியது. வயலுக்குள் நெல் வெட்டும் மெஷின்தான் கத்துகிறது என்று முதலில் நினைத்தேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தேன். சத்தம் குறையவில்லை. அக்சிலேட்டரில் காலை அமர்த்தினால் ஊளை கூடியது, எடுத்தால் குறைந்தது. பின்னால் ஒரே நீலப் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து வெளிப்பட்ட ஓட்டோக்காரன் ஒருவன் என்னை முந்திப் போகும்போது திரும்பி ஏதோ சொன்னான். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

பக்கத்துச் சீற்றில் என் மனைவி படுத்திருந்தாள். படுத்திருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் அவளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் வவுனியா ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் மெஷினோடு கிடந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். முடித்து வெளியே வரும்போது பிழிந்த துணி மாதிரி இருப்பாள். சீற்றைப் பின்னுக்குச் சரித்து, தலையணை வைத்து, தாழ்வுபாட்டில் எங்கள் வீட்டு வாசல்வரை தூங்கிக்கொண்டே வருவாள். முப்பது வயது தாண்டிய அந்த ஜப்பான் டீசல் காரை எல்லாரும் பழைய இரும்பு என்றார்கள். எங்களுக்கு அது கட்டில்.

ஒன்றே ஒன்று. வாசலில் நான் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் அவள் திடுக்கிட்டு எழும்புவாள். எழும்பின கையோடு மடியிலிருக்கும் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைத் தேடுவாள். "வீடு வந்திட்டுதடி, ஆமிக்காரன் மறிக்கேல்லை, நான்தான் நிப்பாட்டினது" என்று பகிடி பண்ணுவேன். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு பையை மூடுவாள். ஒவ்வொரு தடவையும் இதுதான் நடக்கும்.

அன்று ஊளையோடும் புகையோடும் நானாட்டான்வரை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். அங்கே எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். டிராக்டர் மெக்கானிக். அறுவடைக் காலம், கராஜ் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன, சொந்தக்காரர்கள் கடுகடுத்த முகத்தோடு நின்றார்கள். அவர் என் மனைவியைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். டிராக்டர்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். அவருடைய முகத்துக்கு அப்படியொரு மரியாதை.

காற்றுக் குழாயைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் வழிந்தது. இரண்டு விரலை விட்டு எதையோ ஆட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணை, எஞ்சினுக்கு ஒண்டுமில்லை. டர்போதான் போயிட்டுது."

டர்போ என்பது எஞ்சின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சாமான். பருமனிலும் வளைவிலும் ஏறக்குறைய ஒரு சங்கு. வெளியே போகிற புகை அதற்குள் ஒரு காற்றாடியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையிலிருக்கும் காற்றாடி, காற்றை அள்ளி எஞ்சினுக்குள் தள்ளும். அது இல்லாவிட்டால் எங்கள் கார் பாலத்தில் ஏறவே மூச்சு வாங்கும்.

"பரவாயில்லை, மெல்லமா ஓடுறன்" என்றேன்.

"ஓடேலாது. எஞ்சின் எண்ணெய் முழுக்க உதுக்குள்ளால இறங்குது. ஒரு கட்டத்தில எஞ்சின் அந்த எண்ணெயைக் குடிச்சுக்கொண்டு தன்ரபாட்டில ஓடும். சாவியை எடுத்தாலும் நிக்காது. அக்காவை வச்சுக்கொண்டு அந்த விளையாட்டு வேண்டாம்."

புதுசு வாங்கலாமா என்று கேட்டேன். இந்த எஞ்சினுக்குப் புதுசு வருவதை நிறுத்திப் பல வருடம் என்றார். பழையதைத் திருத்தலாமா என்றேன். டர்போவின் கூட்டுக்குள் காற்றாடி உரசி அராவிய கீறலை டோர்ச் அடித்துக் காட்டினார். எனக்கு வந்ததே கோபம்! யார்மேல் என்று தெரியாத கோபம்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது. மனைவியை ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அவள்தான், "வாகனம் எண்டா பழுதாகும்தானே, விடுங்கோ" என்று எனக்குத் தேறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் டெலிபோனும் கையுமாகக் கிடந்தேன். கொழும்பு, வவுனியா, யாழ்ப்பாணம் என்று பழைய சாமான் விற்கிற ஒருவரையும் விடவில்லை. "இருக்கு அண்ணன், இருக்கு" என்பார்கள். தகட்டில் அடித்திருக்கிற நம்பரைச் சொல்லிக் கேட்டால், "பார்த்துச் சொல்றன்" என்பார்கள். பிறகு போனை எடுக்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போனோம். வாடகை வாகனம் ஹயர் பிடிக்கிறேன் என்றேன், அவள் கேட்கவில்லை. "கிழமைக்கு ரெண்டு தரம் ஹயர் பிடிக்க நீங்கள் என்ன முதலாளியோ? சனம் பஸ்ஸில போறதுதானே?" என்றாள். போகும்போது இருக்கை கிடைத்தது. வரும்போது ஒருவர் எழும்பித் தந்தார், ஆனால் முருங்கன் வருவதற்குள் அவளுக்கு வாந்தி வந்துவிட்டது. இறங்கி ஒரு கடை வாசலில் உட்கார்ந்தோம். ஊசி குத்திய கையில் கட்டு இரத்தமாகியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"இனி நான் போகேல்லை. மெஷினும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். அவள் களைத்துப்போய்ச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கார் ஓடாவிட்டால் இவள் சொன்னபடி செய்துவிடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்தது. மெஷினை விட்டால் என்ன நடக்கும் என்று டொக்டர் எனக்கு முன்னமே சொல்லியிருந்தார். மாதக் கணக்கில்லை, நாள் கணக்கு.

அன்று மாலை நானாட்டான் மெக்கானிக் எனக்குப் போன் பண்ணினார். "சிலாவத்துறைப் பக்கம் ஒரு பழைய சாமான் யார்ட் இருக்குது அண்ணை. ஒரு முஸ்லிம் தங்கச்சி நடத்துறா. போய்ப் பாருங்கோ. பழைய டர்போவையும் கட்டாயம் கொண்டு போங்கோ" என்றார்.

நான் கொண்டு போகவில்லை. அதற்காக நானாட்டானுக்கு வளைந்து போவதா? எண்ணெய் வடிகிற அந்தச் சனியனை மோட்டார் சைக்கிளில் சுமப்பதா? அவர் கழற்றினபோதே போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்திருக்கிறேனே! புதன் காலை, வங்காலை தாண்டி, அரிப்பு தாண்டி, முகத்தில் கடற்காற்று மண்ணை வாரி அடிக்க அடிக்கப் போய்ச் சேர்ந்தேன்.

யார்ட் என்றால் தகரக் கொட்டில் ஒன்றும் பின்னால் பிரித்துப் போட்ட வாகனங்களும் என்று நினைத்துப் போனேன். கொட்டில்தான், ஆனால் உள்ளே போனவுடன் தொப்பியைக் கழற்றவேண்டும் போல் இருந்தது. உப்புக் காற்று அடிக்கிற ஊரில் இரும்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று எங்களுக்குத் தெரியும். அங்கே ஒவ்வொரு சாமானும் கிறீஸ் பூசி, பழைய சாரத் துணியில் சுற்றி, மேலே சோக்கட்டியால் எழுதி அடுக்கியிருந்தது. ஓட்டையுள்ள எல்லாவற்றிலும் துணி அடைத்திருந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் முக்காடு, கையில் டோர்ச், பிளாஸ்டிக் கதிரையிலிருந்து எழும்பி வந்தார்.

"வாங்க அண்ணன். இருங்க. என்ன வேணும்?"

நான் போனை நீட்டினேன். படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். திருப்பித் தந்தார்.

"சாமான் எங்க?"

"படத்தில நாலு பக்கமும் இருக்குதே தங்கச்சி."

"படத்தைப் பார்த்து மாப்பிள்ளையும் எடுக்கேலாது, டர்போவும் எடுக்கேலாது. சாமானைக் கொண்டு வாங்க."

அந்த நேரம் அலுமாரித் தட்டில் ஒரு டர்போ என் கண்ணில் பட்டது. கழுவித் துடைத்துப் பளிச்சென்று, அச்சாக எங்களுடையதைப் போலவே! "உதுதான்! உதைத் தாங்கோ!" என்று கத்தியே விட்டேன்.

"அது வான்ல இருந்து கழட்டினது. உங்களுக்குச் சரிவராது."

"ஒரே எஞ்சின்தான் தங்கச்சி. வானுக்கும் காருக்கும் ஒரே எஞ்சின். எனக்குத் தெரியாதோ? முப்பது வருசம் வாகனம் ஓடினனான்."

"ஓடினீங்க அண்ணன். நான் கழட்டினவ."

அவர் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்துவிட்டு, எவ்வளவு கோபமாகப் போகவேண்டுமோ அவ்வளவு கோபமாகத் திரும்பிப் போனேன். அரிப்பு வந்தபோதுதான் யோசித்தேன்: அந்த மனுசி நினைத்திருந்தால் வான் டர்போவை என் தலையில் கட்டியிருக்கலாம். நான் சந்தோசமாக வாங்கிக்கொண்டு போயிருப்பேன். மூன்று நாளாக நான் போனில் பேசிய அத்தனை வியாபாரிகளிலும், தன்னிடமிருந்த சாமானை விற்கமாட்டேன் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். என் கோபம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. ஆனாலும் பெற்றோல் வீணாய்ப் போனது போனதுதானே. அதற்காக என்னையே கொஞ்ச நேரம் ஏசிக்கொண்டேன்.

வியாழன் காலை நானாட்டானில் பழைய டர்போவை உரப் பையில் சுற்றிக் கட்டிக்கொண்டு மறுபடி போனேன். "சொன்னனான்தானே" என்று மெக்கானிக் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

சிலாவத்துறையில் அந்தப் பெண் பையை அவிழ்த்து, மேசையில் என் டர்போவை வைத்தார். பக்கத்தில் வான் டர்போவை வைத்தார். "பாருங்க அண்ணன். வான்ல எஞ்சின் சரிஞ்சு படுத்திருக்கு, கார்ல நிமிர்ந்து நிக்குது. எண்ணெய் இறங்கிற ஓட்டை எப்பவும் நேரா கீழ பாக்கணும். இதை உங்கட காருக்குப் போட்டா ஓட்டை பக்கவாட்டில போகும். எண்ணெய் இறங்காது, உள்ள தேங்கும். பத்து நாள் ஓடும், பிறகு திரும்ப ஊளைதான்." பிறகு இன்னொரு துளையைக் காட்டினார். எங்களுடையதைத் தண்ணீரும் குளிர்விக்கும். வான்காரனுடையதில் அந்தத் துளையே இல்லை. முதல்நாள் ஒன்றாகவே தெரிந்த இரண்டும் இப்போது எனக்கு மாமன் மகன் மாதிரிக்கூடத் தெரியவில்லை.

உள்ளே போய் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தார். பார்க்கவே மனம் வரவில்லை. வெளியெல்லாம் வெள்ளை பூத்து, செம்மண் அப்பி, கடலில் கிடந்தெடுத்தது போல. கற்பிட்டிப் பக்கம் ஒரு கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்ற காரிலிருந்து தானே கழற்றியது என்றார். தகட்டைத் துணியால் தேய்த்தார். என்னிடம் டோர்ச்சைத் தந்து, நம்பரை என்னையே வாசிக்கச் சொன்னார். கடைசி எழுத்துவரை அதே நம்பர்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் கண் வெட்டாமல் பார்த்தேன். துணிகளை எடுத்தார். காற்றாடி இதழ்களை ஒவ்வொன்றாக நகத்தால் தடவினார். ஒன்றிலாவது பிசிறு இருக்கிறதா என்று. தண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்தார். அசைவே இல்லை. பக்கவாட்டில் ஆட்டினார். மிக இலேசாக ஆடியது.

"ஆடுது!" என்றேன்.

"பக்கத்துக்கு இவ்வளவு ஆடத்தான் வேணும். எண்ணெய் வந்து அந்த இடத்தை நிரப்பும். முன்னுக்குப் பின்னுக்கு ஆடினாத்தான் மௌத்து, சாவு." பிறகு தண்டை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தபடியே சுழற்றிவிட்டு, காதைக் கிட்டக் கொண்டு போனார். இதழ் கூட்டில் உரசினால் கேட்கும். கேட்கவில்லை. கூட்டை ஒரு நிமிடம் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அந்த நேரம் அவருடைய முகத்தைப் பார்த்தபோது, நல்ல டொக்டரிடம் வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

விலை சொன்னார். நியாயமான விலை. பேரம் பேச எனக்கே வெட்கமாக இருந்தது. பையில் போடப் போனவர் நின்று, என் பழைய டர்போவைத் திரும்ப எடுத்து, எண்ணெய் போகிற துளைக்குள் ஒரு கம்பியை விட்டுச் சுரண்டினார். கரிக்கட்டி கரிக்கட்டியாக உதிர்ந்தது.

"எண்ணெய் மாத்திறதில்லையா அண்ணன்?"

"ஐயோ, அந்தப் பிழை மட்டும் என்னில சொல்லாதேங்கோ. தவணை தவறினதில்லை."

"அப்ப இது என்னத்துக்குக் கருகினது?" கொஞ்சம் யோசித்தார். "ஓடி வந்து நிப்பாட்டினவுடன சாவியைத் திருப்பிடுவீங்களோ?"

"வேறென்ன செய்யிறது? நிப்பாட்டினா அணைக்கிறதுதானே."

"உடனயோ?"

"உடன."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சண்டைக் காலத்தில வாகனம் ஓடினீங்களா?"

ஓடினேன். பதினேழு வருடம், நிவாரணச் சாமான் ஏற்றுகிற வாகனத்தில். செக்பொயின்ற்றில் ஆமிக்காரர் கை காட்டினால் நிற்கவேண்டும். நின்ற அந்தக் கணமே எஞ்சினை அணைக்கவேண்டும். இரண்டு கையும் ஸ்டியரிங்குக்கு மேலே தெரியவேண்டும். எஞ்சின் இரைந்துகொண்டிருந்தால், இவன் ஓடப்போகிறான் என்று அவர்கள் நினைத்துவிடுவார்கள். ஒரு தடவை நான் ஒரு நொடி பிந்தினேன். அன்று என் நெற்றிக்கு நேரே பார்த்த துவக்கு வாயை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு என் கை பிந்தியதே இல்லை. மூளையைக் கேட்காமலே கை சாவிக்குப் போய்விடும்.

"அதுதான்" என்றார். "டர்போ நெருப்பாக் கொதிச்சுச் சுத்திக்கிட்டு இருக்கும். நீங்க எஞ்சினை அணைச்சா எண்ணெய் வாறது நிண்டுடும். உள்ள நிக்கிற எண்ணெய் கருகிப்போகும். இந்தப் பக்கம் வாற டர்போ கனக்க இப்பிடித்தான் அண்ணன். என்ர மனுசனும் இப்பிடித்தான், புத்தளத்தில அகதியா இருந்த காலத்தில லொறி ஓடினவர். செக்பொயின்ற் போய் எவ்வளவு வருசம்! கை இன்னும் போகுது."

எங்கள் காரைக் கொன்றது வயதில்லை, எண்ணெயில்லை. என் கை. எஞ்சின் நின்றதும் அடையாள அட்டை தேடுகிற மனைவியை மூன்று வருடமாகப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தவன் நான்! அவள் தூக்கத்தில் செய்ததை நான் முழித்துக்கொண்டே செய்திருக்கிறேன்.

"இனி ரெண்டு மூணு நிமிசம் சும்மா ஓட விட்டிட்டு அணைங்க" என்றார். "மணிக்கூடு பார்த்தா மறந்திடுவீங்க. என்ர மனுசனுக்கு நான் சொல்லி வச்சிருக்கிறன், தஸ்பீஹ் மணி முப்பத்துமூணை மூணு தரம் ஓதிட்டு அணைக்கணும் எண்டு. உங்கட சட்டைப் பையில செபமாலை தெரியுதே. ஒரு பத்து மணியை உருட்டி முடிங்க, பிறகு சாவியைத் தொடுங்க. இது போனா என்கிட்ட இன்னொண்டு இல்லை அண்ணன். வேற எங்கயும் இருக்கும் எண்டும் நான் நினைக்கேல்ல."

என் மனைவியின் நோயைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன், வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிப் பயணத்தையும் சேர்த்து. ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "இன்ஷா அல்லாஹ், நாளைக்கு இதிலயே போயிட்டு வருவாங்க" என்றார். துணிகளைத் திரும்ப ஒவ்வொரு துளையிலும் அடைத்து, சின்னக் கல்லும் உள்ளே போகாதபடி கட்டித் தந்தார்.

நானாட்டான் மெக்கானிக் அன்று பின்னேரம் டிராக்டர்களை மறுபடி காக்க வைத்தார். பூட்டுவதற்கு முன் எண்ணெய்த் துளைக்குள் ஊசிக் குழாயால் எண்ணெய் விட்டு, காற்றாடியைத் தன் விரலால் மெல்லச் சுற்றினார். டீசல் வருவதை நிறுத்திவிட்டு எஞ்சினைச் சும்மா உருட்டி, எண்ணெய் மேலே ஏறியதைப் பார்த்த பிறகே ஸ்டார்ட் பண்ண விட்டார். ஒரு நீள ஸ்குரூடிரைவரின் முனையைக் கூட்டில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு அதை என் காதில் வைத்தார். மெல்லிய, நேரான ஒரு சீழ்க்கை. அந்த மனுசியின் நகத்தையும் இந்த மனுசனின் காதையும் நினைத்து எனக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, தலையணையைத் தட்டிப் போட்டேன். அவள் கொஞ்ச நேரம் படியிலேயே நின்றாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

போனோம். நாலு மணித்தியாலம். திரும்பினோம். செட்டிகுளம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். கார் பழைய இழுவையோடு வந்தது. தள்ளாடிச் சந்திக்கு வந்தபோது வழியில் ஏதோ சோதனை, எப்போதாவது நடப்பதுதான். ஒரு சிப்பாய் கையைக் காட்டினான். நிறுத்தினேன். என் கை சாவிக்குப் போய்விட்டது. விரல் சாவியில் இருந்தது.

எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பாரமான கையை நான் தூக்கியதில்லை. ஸ்டியரிங்குக்கு மேலே வைத்துக்கொண்டு, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினேன். எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது. முதுகில் வேர்வை ஓடியது. சிப்பாய் குனிந்து பார்த்தான். என் மகன் வயதுகூட இராது. எஞ்சினைப் பற்றி அவன் ஒன்றுமே கேட்கவில்லை. தூங்குகிறவளைப் பார்த்தான், அவள் கையிலிருந்த துணிக்கட்டைப் பார்த்தான். "போங்க, போங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

தாழ்வுபாட்டில் வீட்டு வாசலில் ஒரு கழுதை வழியை மறித்துக்கொண்டு நின்றது. வழக்கமாக ஹோர்ன் அடித்துத் துரத்துகிறவன், அன்று அது தானாக நகரும்வரை காத்திருந்தேன். காரை நிறுத்தினேன். எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்து ஒவ்வொரு மணியாக உருட்டினேன். பத்தாவது மணியும் முடிந்தது. இனி அணைக்கலாம்.

திரும்பிப் பார்த்தேன். அவள் வாய் இலேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கைப்பை மடியிலிருந்து சரிந்து கீழே விழுந்து கிடந்தது, அவளுக்குத் தெரியவில்லை. நான் சாவியைத் தொடாமல் அடுத்த பத்து மணியைத் தொடங்கினேன்.